கலப்பதற்கு முன் கற்றார்களா?

பரதத்தோடு மேலை நடனத்தைக் கலப்பது பண்பாட்டுக் கொலை என்கிறார்கள் ஒரு சாரார். பரதம் பழையதாகிவிட்டது, நான்கு ஹிப் ஹாப் அசைவுகளைச் சேர்த்தால்தான் கூட்டம் கைதட்டும் என்கிறார்கள் மற்றொரு சாரார். நம் தமிழ்ப்பள்ளிக் கலைவிழா ஏற்பாட்டுக் கூட்டங்களில் இவ்விரு சாராரும் ஆண்டுதோறும் மோதிக்கொள்கின்றனர். அன்பர்களே, இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடன்று. கற்றல் என்னும் ஒன்றைப் பற்றி இருவருமே வாய்திறப்பதில்லை!

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1953-இல் பிறந்த மலாய்க்காரர் ரம்லி இப்ராகிம். ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். அங்கேயே பாலே கற்றுச் சிட்னி நடனக் குழுவில் தொழில்முறைக் கலைஞராக ஆடினார். பரதத்தை அடையாறு கே. லட்சுமணனிடமும், ஒடிசியைத் தேபபிரசாத் தாஸிடமும் பயின்றார். 1983-இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தோற்றுவித்தார். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அவர் பாலேவைப் பாலேவாகவும், பரதத்தைப் பரதமாகவும், ஒடிசியை ஒடிசியாகவும் அந்தந்த ஆசானிடம் அமர்ந்து கற்றவர். இது எளிதன்று. பாலே உடலை மேல்நோக்கி இழுக்கிறது. கால்விரல் நுனியில் நின்று மண்ணை மறக்கச் சொல்கிறது. பரதமோ அரைமண்டியில் தாழ்ந்து, முழுப் பாதத்தால் தரையைத் தட்டி ஒலிக்கச் சொல்கிறது. ஒடிசி இடுப்பையும் மார்பையும் கழுத்தையும் வளைத்துத் திரிபங்கியில் நிற்க வைக்கிறது. இம்மூன்றையும் ஓர் உடல் தாங்க வேண்டுமானால் எத்தனை ஆண்டுக் காலை நேரங்கள் கரைந்திருக்க வேண்டும்! அத்தகையவர் புதியதொரு நடனத்தை அமைத்தால், எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

தூய்மை பேசும் பெரியோர்களுக்கு ஒரு வினா. எந்தத் தூய்மை? சின்னமேளத்தில் கிளாரினெட் ஒலித்ததே, அது எந்தச் சங்க நூலில் உள்ள கருவி? தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு வயலின் வாசித்தவர். ருக்மிணிதேவி அருண்டேல் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர். அதன் பிறகே சதிராட்டத்தைக் கற்று 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். இன்று நாம் தூயதென்று போற்றும் மேடைப் பரதத்தின் ஒழுங்கில் அவர் கைவண்ணம் உண்டு. இசை வேளாளர் குடும்பங்கள் காத்துவந்த ஆட்டத்தில் அவர் பலவற்றைக் களைந்தார் என்று பாலசரசுவதி வழிவந்தோர் வருந்தியதும் உண்டு, அதுவும் நியாயமே. எப்படியாயினும் மாறாத பரதம் என்று ஒன்று இருந்ததில்லை.

இதைப் படித்துவிட்டு மறுசாரார் மகிழ வேண்டா! உங்களுக்கும் சொல்ல இருக்கிறது.

ஒரு பள்ளியில், ஆறு ஆண்டுகளாக முறையாகப் பரதம் பயின்ற ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அலாரிப்பு ஆட முன்வந்தாள். விழாக்குழு என்ன சொல்லிற்று தெரியுமா? ஒன்றரை நிமிடத்தில் முடித்துக்கொள், பிறகு திரைப்பாடல் போடுகிறோம், பின்னால் பத்துப் பேர் குதிப்பார்கள். இதற்குப் பெயர் "பியூஷன்" என்றது. அந்தப் பத்துப் பேருக்கும் கிடைத்தது மூன்று வாரப் பயிற்சி. ஹிப் ஹாப்பும் அவர்கள் கற்கவில்லை. கணினியில் பார்த்துப் பழகினார்கள். ஹிப் ஹாப்பும் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க இளைஞர்கள் 1970-களில் வளர்த்தெடுத்த கலை ஐயா! அதற்கும் இலக்கணம் உண்டு, ஆசான் உண்டு. இங்கே அவமதிக்கப்பட்டவை இரண்டு கலைகள்.

அலாரிப்பு சில நிமிடமே. அரசியல்வாதியின் உரைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கும் நம்மால் அதை ஒதுக்க இயலாதா?

தலைமையாசிரியர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடமும் நான் கேட்பது இதுதான். கலைவிழா நடனத்திற்கு மூன்று வாரமன்று, சனவரி தொடங்கிப் புறப்பாட நேரத்தை ஒதுக்குங்கள். தெரிந்த ஆசிரியரை அழையுங்கள். அவர் தமிழராக இருக்க வேண்டும் என்பதுமில்லை. முறையாகக் கற்ற பிள்ளை மேடையேறினால் கற்றதை முழுமையாக ஆட விடுங்கள். கலப்பதா வேண்டாவா என்பதை அவள் பின்னர் முடிவு செய்துகொள்வாள்.