பழைய இரும்பில் ஒரு மின்னல்

உயர்தரப் பௌதிகவியலில் மின்காந்தத் தூண்டலைப் படிக்கிறோம். பரடேயின் விதி, லென்சின் விதி, நிலைமாற்றியின் சுற்று விகிதம் எல்லாம் மனப்பாடம். எந்த ஆண்டு வினாத்தாளில் எதை எப்படிக் கேட்டார்கள் என்பதுகூடத் தெரியும். ஆனால் ஒரு நிலைமாற்றியைக் கழற்றிப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றால் எத்தனை கை உயரும்? எனவே எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமது கல்லூரியில் ஆளுயர டெஸ்லா சுருள் ஒன்றைக் கட்ட வேண்டும். அதை முடிந்தவரை பழைய பொருட்களால் கட்ட வேண்டும்.

டெஸ்லா சுருளும் ஒரு நிலைமாற்றிதான், ஆனால் இரும்பு அகணி இல்லாதது. 1891 இல் நிக்கொலா டெஸ்லா இதை உருவாக்கினார். கொள்ளளவி ஒன்று உயர் வோல்ற்றளவில் ஏற்றப்பட்டு, ஒரு பொறி இடைவெளியினூடாகத் தடித்த முதன்மைச் சுருளுக்குள் வெடித்து இறங்கும். அந்த அதிர்வின் மீடிறனும் பக்கத்தில் நிற்கும் துணைச் சுருளின் இயற்கை மீடிறனும் ஒன்றானால் சக்தி அங்கே தாவும். உச்சியிலிருந்து மின்னல் கிளைவிடும். இது நமக்குப் புதிதல்ல. சுரமானிக் கம்பியில் கடதாசித் துண்டை வைத்து, இசைக்கவையைத் தட்டி, பாலத்தை நகர்த்தி நகர்த்தி, துண்டு துள்ளி விழும் இடத்தைத் தேடினோமே, அதே பரிவுதான். அங்கே பாலத்தை நகர்த்துகிறோம். இங்கே முதன்மைச் சுருளில் இணைப்புக் கவ்வியை ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு நகர்த்துகிறோம். அங்கே துள்ளுவது கடதாசி, இங்கே மூன்றடி மின்னல்.

பழைய பொருளால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. பிரித்தானியாவில் பிபிசி தொடங்கிய மறு ஆண்டே, 1923 இல், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்கள் ஒலிபரப்பாகின. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடன் இருந்தவர்களும் அந்த ஒலிபரப்பியைக் கட்டியது கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளிலிருந்து. 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பின்னாளில் ஆசியாவே காது கொடுத்துக் கேட்ட இலங்கை வானொலியின் தாய்வேர், கழித்துப் போட்ட ஒரு போர்க் கருவி. கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸும் 1890களின் நடுவில் தன் மின்னலைக் கருவிகளை உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரை வைத்துத்தான் செய்தார்.

டெஸ்லாவின் கதை இதற்குத் தலைகீழ். நியூயோர்க்குக்கு அருகே லோங் ஐலண்டில் 187 அடி உயரக் கோபுரம் எழுப்பினார். பணம் தீர்ந்து போனது. ஹோட்டல் கடனுக்காக 1917 இல் கோபுரத்தை இடித்துப் பொருட்களை விற்றார்கள். அவர் கனவு பழைய இரும்பாகப் போனது. பழைய இரும்பிலிருந்து நாம் அதை எடுத்தால் என்ன?

திருகோணமலைக்கு மீட்டெடுப்பது பழகிய வேலை. 1942 இல் ஜப்பானியர் குண்டு வீசியதில் சேதமடைந்து, பின்னர் நமது துறைமுகத்தில் மூழ்கடிக்கப்பட்ட சகாயிங் என்ற கப்பலை எமது கடற்படையினர் 2018 இல் நீருக்கு மேலே கொண்டுவந்தார்கள். நமக்குக் கப்பல் தேவையில்லை. பாலையூற்றுக்கு வரும் பழைய இரும்பு வியாபாரியின் வண்டியை ஒருநாள் கவனித்தால் போதும். உடைந்த மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாய், வெடித்த பீ.வீ.சீ. குழாய், நசுங்கிய கேக் தட்டு எல்லாம் அதில் இருக்கும். கேக் தட்டுகள் இரண்டைக் கவிழ்த்துப் பொருத்தினால் சுருளின் உச்சி. செப்புக் குழாயைத் தட்டையாகச் சுருட்டினால் முதன்மைச் சுருள், மிஞ்சிய துண்டுகளால் பொறி இடைவெளி. கொள்ளளவிக்குச் சர்பத் போத்தல்கள்: உள்ளே உப்பு நீர், வெளியே அலுமினியத் தாள், நடுவே கண்ணாடி காவலி. பத்துப் பன்னிரண்டு போத்தல்கள் வேண்டும்.

மின்விசிறியிலிருந்து கம்பியை மட்டும் எடுக்கக் கூடாது. பழைய கம்பியின் வார்னிஷ் வெடித்திருக்கும். துணைச் சுருளுக்கு ஆயிரம் சுற்று தேவை, அவற்றில் ஒரு இடத்தில் காவலி விட்டுப் போனாலும் பொறி அங்கேயே பாயும். எதைப் பொறுக்குவது என்பதைவிட எதைப் பொறுக்கக் கூடாது என்று அறிவதே இந்த வேலையில் பெரிய பாடம்.

இதைச் சொல்லும்போது மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதன் நிலைமாற்றி பழைய இரும்புக் கடையில் சுலபமாகக் கிடைக்கும். தொலைபேசியில் வரும் காணொளிகளில் பையன்கள் அதைத்தான் கழற்றுகிறார்கள். அது தருவது ஏறத்தாழ 2000 வோல்ற்று. டெஸ்லா சுருளின் இலட்சக்கணக்கான வோல்ற்றோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். ஆனால் கொல்வது எண் அல்ல, உடலினூடாகப் பாயும் மின்னோட்டம். அரை அம்பியர் வரை அது தாராளமாகத் தரும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்புவது இன்னும் பெரிய ஆபத்து. நிலைமாற்றியின் மறுபக்கத்தில் ஒருவரின் உடலில் பாய்வதை அந்தச் சுவிட்ச் உணராது. அமெரிக்காவில் இதே நிலைமாற்றியால் பலகையில் மின்னல் கோலம் எரிக்கப் போய்ப் பலர் இறந்தார்கள். அங்குள்ள மரக்கடைசல் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அந்த வேலையையே தடை செய்தது.

நமக்கு ஏற்றது, கடைகள் எல்.ஈ.டி.க்கு மாறியபின் கழற்றி மூலையில் போட்ட நியோன் பலகையின் நிலைமாற்றி. பாரமான, இரும்பு அகணி உள்ள பழைய வகையாக இருக்க வேண்டும். 15,000 வோல்ற்று, 30 மில்லியம்பியர், அதற்கு மேல் அது தராது. அதுவும் உயிரைப் பறிக்கக்கூடியதுதான், அதில் சந்தேகமில்லை. அதனால்தான் பூட்டுள்ள கம்பி வேலி, தனிப் புவித்தொடுப்பு, ஆசிரியர் கையில் ஒரே சாவி, கொள்ளளவியை மின்னிறக்கும் கோல் என்று கேட்கிறேன். எண்ணெய் நிரப்பிய பழைய மின்மாற்றிகளைத் திறக்கவே கூடாது. சிலவற்றின் எண்ணெயில் நஞ்சு உண்டு. இன்னொன்று, சுருள் ஓடும்போது சுற்றுப்புற வானொலிகள் கரகரக்கும். பாங்கு நேரத்தில் ஓட்டி மஹல்லாவாசிகளின் ஏச்சை வாங்க வேண்டாம்!

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு கரண்ட் வேல?" என்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் ரைஸ் குக்கரையும் கிரைண்டரையும் அயனையும் ஈரக் கையோடு நாள் முழுக்கத் தொடுவது உம்மாமார்தானே? அவர்களுக்கு மின்சாரத்தைச் சொல்லிக் கொடுக்காததை யாரும் ஆபத்து என்று சொல்வதில்லை. அதே வீட்டில் தம்பி மொட்டை மாடியில் தனியே இருந்து அடுப்பின் நிலைமாற்றியைக் கழற்றுவான். அவனை யாரும் கேட்கமாட்டார்கள். அவனுக்குக் காவல் இல்லை, நமக்கு அனுமதி இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஆசிரியர் ஒருவரின் கண் முன்னே, பயத்தை அறிவாக மாற்றிக்கொள்ள இரு பாலாருக்கும் ஓர் இடம் இல்லை. வருடத்தில் பத்து நாள்கூடத் திறக்காத ஆய்வுகூட அலுமாரிகள் பல பாடசாலைகளில் உண்டு. உள்ளே இருப்பவை உடைந்துவிடும் என்ற பயம். ஏற்கெனவே உடைந்த பொருளுக்கு அந்தப் பயம் கிடையாது.

பரீட்சைக்கு இதனால் புள்ளி வருமா என்று தோழிகள் கேட்கிறார்கள். நேரடியாக வராது. ஆனால் பரிவு நிபந்தனையை ஒருமுறை கவ்வியை நகர்த்திக் கண்டுபிடித்தவளுக்கு அந்தச் சமன்பாட்டை மறக்க முடியுமா?

தொடங்குவதற்குப் பணம் கொடுத்து வாங்க வேண்டியது பெரும்பாலும் கம்பி மட்டுந்தான். 110 மில்லிமீற்றர் குழாயில் ஆயிரம் சுற்று என்றால் ஏறத்தாழ 350 மீற்றர் நீளம். மோட்டார் வைண்டிங் கடையில் எனாமல் கம்பியை நிறையால் விற்பார்கள். அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள செப்புக் கம்பியில் இது 600 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். ஒரு கிலோ வாங்குவது நல்லது. முதல் தடவை சுற்றும்போது எங்காவது கம்பி அறுந்துவிடும்.