ஊர் மாறினால் பெயரும் மாறுமோ?



சென்ற திங்களில் ஒரு மாலை, ஊரில் மருத்துவமனையில் இருந்த நம் தாயாரின் நிலையை மருத்துவர் இணையவழி அழைப்பில் நமக்கு விளக்கிக்கொண்டிருந்தார். குழந்தைகளின் இரைச்சலுக்கு அஞ்சி நாம் வாயிலைக் கடந்து தெருவுக்கு வந்தோம். கைப்பேசி வீட்டு வை-ஃபையை விட்டு வெளிக்கோபுரத்தின் வலையைப் பற்றிற்று. அக்கணமே அழைப்பு அறுந்தது. மருத்துவரை மீண்டும் பிடிக்க ஒரு மணி நேரமாயிற்று. அறுவைச் சிகிச்சை வேண்டுமா, வேண்டாவா என்னும் ஒரு சொல்லுக்காக அவ்வளவு நேரமும் தெருவிலேயே நின்றோம்.

பேசியவர் நாமே, கைப்பேசியும் அதுவே. இடம் மட்டுந்தானே பத்தடி மாறிற்று? பின் ஏன் இணைப்பு அறுந்தது?

காரணம் இதுதான். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. அக்கருவி வலையில் எங்கே இருக்கிறது என்பதை அவ்வெண்ணே கூறும். ரவுட்டர்கள் அதைப் பார்த்தே செய்திப் பொட்டலங்களை வழியனுப்புகின்றன. ஆனால் பேசுகிறவர் இன்னார் என்பதற்கும் அதே எண்தான் அடையாளம். வலை மாறினால் எண் மாறும். எண் மாறினால், எதிர்முனைக்கு நாம் யாரோ அந்நியர் ஆகிவிடுகிறோம்.

நாம் இரயில்வே எழுத்தர். சரக்கு வேகன் ஒவ்வொன்றின் மீதும் 11 இலக்க எண் தீட்டப்பட்டிருக்கும். வேகனின் வகை, உரிமையுடைய இரயில்வே, செய்யப்பெற்ற ஆண்டு, வரிசை எண் ஆகியவை அதில் அடங்கும். அது இன்று எங்கே நிற்கிறது என்பது மட்டும் அவ்வெண்ணில் இராது. அதனைத் தனிப் பதிவில் பார்த்தறிவோம். பிலாஸ்பூரில் நின்றாலும் தண்டையார்பேட்டையில் நின்றாலும் வேகனின் எண் ஒன்றே. யார்டுதோறும் எண்ணை அழித்து எழுதினால், சரக்கை அனுப்பியவர் கதி என்னாகும்?

இவ்வேறுபாட்டை அறிஞர்கள் அறியாதவர் அல்லர். நாடும் பொருள் எது என்பது பெயர், அது எங்குள்ளது என்பது முகவரி, அதனை எவ்வாறு அடைவது என்பது வழி என்று 1978ஆம் ஆண்டிலேயே ஜான் ஷாக் என்பார் பிரித்துக் காட்டினார். எனினும், நடைமுறையில் பெயரும் முகவரியும் ஒட்டியே வளர்ந்தன. சேவையாளரை மாற்றினாலும் தம் எண்ணை விடமாட்டாத நிறுவனங்கள் பெருகின. அவ்வெண்களை ஒன்றாகத் தொகுக்க இயலாமையால், உலகின் பெரிய ரவுட்டர்கள் யாவும் அவற்றைத் தனித்தனியே குறித்துவைக்க நேர்ந்தது. 2014 ஆகஸ்டில் அப்பட்டியல் 5,12,000 வரிகளைத் தாண்டியபோது, பழைய ரவுட்டர்கள் சில இடமின்றித் தடுமாறின.

பரிகாரங்களும் பல பிறந்தன. பழைய வீட்டுக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் புது வீட்டுக்குத் திருப்பிவிடுவது போன்ற முறை 1996இல் வகுக்கப்பட்டது. 2013இல் வெளியான லிஸ்ப் முறை, ஆளுக்கு ஓரெண், இடத்துக்கு ஓரெண் என வைத்து, இரண்டையும் இணைக்கத் தனிப் பதிவேடு வைத்தது. நம் வேகன் கணக்கேதான். இவை உலகெங்கும் பரவிவிடவில்லை. 2021இல் தரப்படுத்தப்பட்ட குவிக் என்னும் முறையோ, இணைப்புக்கே ஓர் அடையாளம் தந்து, முகவரி மாறினாலும் உரையாடல் தொடர வழிசெய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். செல்லுமிடமெல்லாம் மாறாத அடையாளம் கூடவே வந்தால், நம்மைப் பின்தொடர்வார்க்கும் அது வசதியே. ஆதலின், குவிக் முறையில் இடம் மாறுங்கால் அடையாளமும் புதிதாக்கப்படுகிறது. பேசுவோர் இருவரும் அறிவர், இடையில் நின்று பார்ப்போர் அறியார். நம்மை அறிய வேண்டியவர் அறிந்தாற் போதுமன்றோ?

தாயார் இன்று நலம். முக்கியமான அழைப்பு வருங்கால் இருந்த இடத்திலேயே இருந்து பேசுக. வெளியே செல்ல நேருமெனில், முன்னதாகவே வை-ஃபையை அணைத்துவிட்டுப் பேசத் தொடங்குக.

மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் நாமும் வீட்டு எண்ணை மாற்றியவர்களே. புதுப்பள்ளியில் நம் பிள்ளைகளிடம், "எங்கே குடியிருக்கிறாய்?" என்று கேட்பது முறை. அவ்விடையைக் கொண்டே அவர்கள் யாரென்று முடிவுகட்டுவது முறையன்று.