அப்பா கேட்ட நாலு கேள்வி

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளை நீங்க பார்த்திருப்பீங்க. அதுல ஒண்ணு எங்க அப்பா ஓட்டறது. சில நாள் அந்த வரிசையிலேயே பாதி நாள் போயிடும். கேபின்ல உட்கார்ந்து என்ன பண்ணுவார்? ஹெட்செட் மாட்டிக்கிட்டு கேம் ஆடுவார். அவர் ஸ்குவாட்ல இருக்கிற மத்த மூணு பேரும் டிரைவர்கள்தான். அதனால "பெரியவங்களுக்கு கேம் பத்தி என்ன தெரியும்?"னு எங்க வீட்ல யாரும் சொல்ல முடியாது.

போன மாசம் ஏழாவது படிக்கிற என் தம்பி, அப்பா போனை எடுத்து ஒரு கேம்ல 1,180 ரூபாய்க்கு பெட்டி பெட்டியா வாங்கிட்டான். அம்மா வீட்டையே ரெண்டாக்கிட்டாங்க. அப்பா மட்டும் வாயே திறக்கல. ராத்திரி என்கிட்ட வந்து, "நான் அவன எப்படிம்மா திட்டறது? அவனுக்கு முன்னாடி நானே ரெண்டு தடவ வாங்கியிருக்கேன்" என்றார். அப்புறம் நாலு கேள்வி கேட்டார். நான் மூணாவது வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் மூணுக்கும் பதில் தெரியும். சொல்லத்தான் கூச்சமா இருந்தது.

முதல் கேள்வி: "காச எதுக்கு வைரமா மாத்தறான்?"

ரூபாயா இருந்தா நாம கணக்குப் பார்ப்போம். வைரமா மாறிட்டா கணக்கு மறந்துடும். 60 வைரத்துக்கு ஒரு சட்டை, ஆனா கடையில் 100 வைரமாகத்தான் கிடைக்கும் என்றால், மீதி 40 சும்மா கிடக்கும். அது வீணாகக் கூடாதேன்னு மறுபடி வாங்குவோம். அந்த மீதி தற்செயல் இல்லை. கணக்குப் போட்டு வைத்தது.

இரண்டாவது: "பெட்டிக்குள்ள இன்னா இருக்குன்னு காட்டாம எப்படி விக்கிறான்?"

எப்போ பரிசு வரும்னு தெரியாவிட்டால், உயிர்கள் விடாமல் முயற்சி செய்துகொண்டே இருக்கும். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். சூதாட்ட மெஷினும் இதே வழியில்தான் ஓடுகிறது. காசு வாங்கிக்கொண்டு விற்கும் இந்தப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018-ல் சொன்னது.

மூணாவது: "நான் நிறுத்தலாம்னு நினைக்கும்போது மட்டும் ஏன் கூப்பிடறான்?"

ஆறு நாள் தொடர்ந்து வந்தவருக்கு ஏழாம் நாள் பரிசு. நடுவில் ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு. "இன்னும் 2 மணி நேரம்தான்" என்று ஓடும் கடிகாரம். தோற்றவுடனே வரும் தள்ளுபடி. யார் எந்த இடத்தில் ஆட்டத்தை மூடுகிறார்கள் என்ற டேட்டாவைப் பார்த்துத்தான் இதெல்லாம் வைக்கப்படுகிறது.

இதைக் கேட்டுட்டு அப்பா கேரம் போர்டைக் காட்டினார். வடசென்னையில் கேரம் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் ஜெயித்த காசிமா நம்ம ஏரியாப் பொண்ணு, ஆட்டோ ஓட்டுநர் மகள். கேரமும் வெறி பிடிக்க வைக்கிற ஆட்டம்தான். ஆனா 25 பாயிண்ட், இல்லாட்டி 8 போர்டு, அதோட கேம் முடிஞ்சுது. காய் எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. இன்னொரு கேம் ஆடணும்னா நாமதான் முடிவு பண்ணணும். ராத்திரி 11 மணிக்கு போர்டு நம்மைக் கூப்பிடாது.

"அப்போ நேரத்துக்குக் கட்டுப்பாடு போட்டா சரியாயிடுமே" என்று நீங்க கேட்கலாம். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிஜிஎம்ஐ 2023 மே மாதம் திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. இதெல்லாம் தேவைதான். ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். ஆனா நேர வரம்பு, எவ்வளவு நேரம் ஆடலாம் என்று மட்டும்தான் சொல்லும். அந்த மூணு மணி நேரத்துக்குள்ள ஒரு பையனை என்ன பண்ணலாம் என்று அது கேட்பதில்லை.

அதைக் கேட்கும் விதிகளும் இருக்கு. ஆளை ஏமாற்றும் வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியல் போட்டு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. பொய்யான அவசரம் காட்டுவது, விடாமல் நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் நிறுவனம், ஒரு பட்டனைத் தெரியாமல் அழுத்தினாலே காசு போகிற மாதிரி வைத்திருந்ததற்காக, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கட்ட 2022-ல் ஒப்புக்கொண்டது. நம்ம செமஸ்டர் பாடத்தில் இதில் எதையும் நான் படிக்கலை. யூசரை எப்படித் தக்கவைப்பது என்று மட்டும் படித்தேன்.

கேம் கம்பெனியும் சம்பளம் கொடுக்கணுமே என்பது நியாயமான கேள்வி. கொடுக்கட்டும். ஒரு சட்டை 49 ரூபாய் என்று எழுதி வைத்து விற்கட்டும். அப்பா வாங்குவார். வரிசையில் காத்துக் கிடக்கிற மனுஷனுக்கு அந்த ஸ்குவாட் பெரிய ஆறுதல். அதை நான் கெட்டதுன்னு சொல்லவே மாட்டேன்.

நாலாவது கேள்விதான் என்னைத் தூங்க விடலை. "இத பண்ணவனும் உன்ன மாதிரி படிச்ச புள்ளதானே?"

ஆமாம். அந்தக் கடிகாரத்தை ஓடவிட்ட வரியை யாரோ ஒரு இன்ஜினியர்தான் எழுதியிருக்கார். இன்னும் ஒண்ணரை வருஷத்தில் அந்த நாற்காலியில் நீங்களோ நானோ உட்காரலாம். பேமென்ட் பக்கத்தை டிசைன் பண்ணச் சொல்வாங்க. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே மேனேஜரை எதிர்த்துப் பேசுங்கன்னு நான் சொல்லலை. எனக்கே அந்த தைரியம் வருமான்னு தெரியலை. ஆனா காலேஜ்ல பண்ற ப்ராஜெக்ட்ல, ஹேக்கத்தான்ல நமக்கு மேனேஜர் கிடையாது. அங்கேயாவது மூணு விஷயம் பார்ப்போம்: விலை ரூபாயில் இருக்கா, வாங்கறதுக்கு முன்னாடி உள்ளே என்னன்னு தெரியுதா, ஆடறவர் நிறுத்தினா எதையாவது இழக்கிறாரா?

அப்பாவுக்கு நான் இன்னும் நாலாவது பதிலைச் சொல்லலை. தம்பியை அவர் திட்டவும் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த கேமோட நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணாங்க. அதுக்கே செட்டிங்ஸ்ல நாலு பக்கம் உள்ளே போக வேண்டியிருந்தது.