168 என்னும் பொய்க்கணக்கு

2003இல் பெருவின் தலைநகர் லிமாவின் மையச் சதுக்கத்தை விட்டு அகற்றப்பட்ட, ஸ்பானியப் படையெடுப்பாளர் பிரான்சிஸ்கோ பிசாரோவின் குதிரைச் சிலை, 2025 ஜனவரியில் அதே சதுக்கத்தின் அருகே மறுபடி பீடம் ஏறிவிட்டது. நகரின் 490ஆம் ஆண்டு விழாவுக்கு அப்போதைய மேயர் ரஃபேல் லோபெஸ் அலியாகா செய்த ஏற்பாடு; விழாவுக்கு மாட்ரிட் பிராந்திய ஆட்சித் தலைவி இசபெல் தியாஸ் அயூசோவும் வந்திருந்தார். கொலைகாரனுக்குச் சிலையா என்று ஒரு தரப்பு கொதிக்கிறது. நகரை நிறுவியவர் ஆயிற்றே என்கிறது மறு தரப்பு. 168 ஸ்பானியர் இன்கா பேரரசையே சாய்த்தார்கள் என்ற கதையை மட்டும் இருவருமே நம்புகிறார்கள்.

எண்ணிக்கை சரிதான். 1532 நவம்பர் 16 அன்று கஹமார்காவில் 62 குதிரை வீரர்களும் 106 காலாட்களும் சேர்ந்து, பேச்சுக்கு அழைக்கப்பட்டு வந்த இன்கா மன்னர் அதாவால்பாவை வளைத்துப் பிடித்தார்கள். உடன் வந்தவர்களை வெட்டிக் குவித்தார்கள். அதற்குப் பெயர் ஆள்கடத்தல்; பேரரசு அன்றே சாய்ந்துவிடவில்லை. இன்காக்களின் கடைசிப் புகலிடமான வில்கபாம்பா விழுந்தது 1572இல். இடையில் உள்ள 40 ஆண்டுச் சண்டையை யார் போட்டது?

வான்காக்களைக் கேட்கலாம். மந்தாரோ பள்ளத்தாக்கில் இன்கா ஆட்சியின் கீழ் குமுறிக்கொண்டிருந்த இவர்கள், 1533லிருந்தே ஸ்பானியர் பக்கம் நின்றார்கள். சோளம், உருளைக்கிழங்கு, லாமா, செருப்பு, பானை, சுமை தூக்க ஆண்கள், பெண்கள் என்று கொடுத்த அனைத்தையும் கிப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் பதிந்துவைத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1558இலும் 1561இலும், அந்தக் கயிறுகளோடு லிமா அரச நீதிமன்றத்தின் படியேறிக் கூலி கேட்டார்கள். தாங்களாகக் கொடுத்தது தனிக் கணக்கு, ஸ்பானியர் கொள்ளையடித்தது தனிக் கணக்கு! எழுத்தர்கள் அதைக் காகிதத்தில் ஏற்றியதால் நமக்கும் கிடைத்திருக்கிறது. படையெடுப்பு ஒன்றுக்கு இத்தனை நேர்மையான செலவுப் பேரேட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. பெருவின் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவைதான்.

துப்பாக்கி, எஃகு, அம்மை என்று ஜேரட் டைமண்டை ஒப்பிக்கும் கூட்டம் இங்கே குறுக்கிடும். கஹமார்காவில் இருந்த துப்பாக்கிகள் சுமார் ஒரு டஜன்; குண்டு போட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முந்தைய மன்னர் வைனா கபாக்கைக் கொள்ளைநோய் கொண்டுபோனது, அவருடைய மகன்கள் வாஸ்கரும் அதாவால்பாவும் அரியணைக்காக அடித்துக்கொண்டது எல்லாம் உண்மை. ஆனால் அம்மை யாருக்கும் சோறு போடவில்லை, சுமை தூக்கவில்லை. புத்தகம் விற்கலாம், வரலாறு ஆகாது.

1536இல் இன்கா மன்னர் மான்கோ, ஸ்பானியர் கையிலிருந்த இன்கா தலைநகர் கூஸ்கோவை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த ஸ்பானியர் 200 பேர்கூட இல்லை. அவர்களோடு தோளோடு தோள் நின்றவர்கள் கன்யாரி என்னும் பழங்குடியினர். அதே ஆண்டு லிமாவைச் சூழ்ந்த இன்கா தளபதி கிசோ யுபாங்கியின் படையை விரட்ட வைலாஸ் பகுதியிலிருந்து ஆள் அனுப்பியவர் கொந்தார்வாச்சோ என்ற தலைவி. பிசாரோவோடு வாழ்ந்த கிஸ்பே சிசாவின் தாய். லிமாவை ஒட்டிய புருசூகோவில் தோண்டியெடுத்த அக்கால எலும்புக்கூடுகளிலும் ஸ்பானிய ஆயுதத்தின் காயங்கள் கொஞ்சமே. கல் கதாயுதத்தால் உடைந்த மண்டைகள்தான் அதிகம்.

வான்காக்கள் கைகட்டி நின்றிருந்தால் பிசாரோ கூஸ்கோவின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். பெருவின் நாடாளுமன்றம் இன்று இன்காக்களின் மொழியான கெச்சுவாவில் நடக்கும். இந்தச் சிலைக்கு இரட்டைப் பிறவி ஒன்று ஸ்பெயினில் பிசாரோ பிறந்த ட்ருஹியோவில் நிற்கிறது. அவருக்கு அது போதும். லிமா பீடத்தில் வான்காக்களின் மனுவைக் கல்லில் வெட்டி வைக்கட்டும், கொள்ளைப் பட்டியலையும் சேர்த்து.