தம்பியாரின் கிற்றார்

பழுதுற்ற பொருளைத் திருத்துவதிலும் புதியதொன்றை வாங்குவதே இலாபம் என்னும் எண்ணம் இன்று பல இல்லங்களிலே குடிகொண்டுவிட்டது. சில பொருள்களைப் பொறுத்தமட்டில் அது சரியாகவும் இருக்கலாம். ஆயின் எல்லாப் பொருள்களையும் அந்தத் தராசிலே நிறுத்துவிட இயலாது என்பதை அண்மையில் எமக்கு ஒரு கிற்றார் உணர்த்திற்று.

காலஞ்சென்ற எமது தம்பியாரின் மகன், தந்தையாரின் மின்கிற்றாரை ஏந்திக்கொண்டு ஒரு மாலை எம்மிடம் வந்தான். "பெரியப்பா, கரகரவென்று இரையுது, சில நேரம் சத்தமே இல்லை. கடையிலே காட்டினேன். புதிசு வாங்குவதுதான் புத்தி என்கிறார்கள்" என்றான். வானொலிப் பெட்டிகளைத் திருத்துவதில் எமக்குள்ள சிறு பழக்கத்தை நம்பியே அவன் வந்திருந்தான். புதியது வாங்க வசதியிருந்தும் ஏன் வாங்கவில்லை என்று வினவினோம். "அப்பா வாசிக்கிற போது ஒரு சத்தம் வரும். கொஞ்சம் மணி மாதிரி, கொஞ்சம் மூக்காலே பேசுகிற மாதிரி. எனக்கு அந்தச் சத்தம் வேணும்" என்றான்.

அந்த நாதம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை வாசகர்கள் அறிதல் நன்று. மின்கிற்றாரின் தந்திகளுக்குக் கீழே பிக்கப் எனப்படும் உறுப்புகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் காந்தங்களைச் சுற்றி, மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுக்களாகச் சுற்றியமைத்த சுருளாகும். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுபட, சுருளிலே சிறு மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. அதனைப் பெருக்கியே நாம் ஒலியாகக் கேட்கின்றோம். கருவியின் கழுத்தருகே தந்தி அகன்று ஆடுமாதலால் அங்குள்ள பிக்கப் உருண்டு திரண்ட நாதத்தைத் தரும். தந்திகளைத் தாங்கும் குதிரையின் அருகே ஆட்டம் குறுகியிருத்தலால் அங்குள்ளது கூரிய நாதத்தைத் தரும். எதனை ஒலிக்கச் செய்வது என்று தெரிவு செய்வதே சுவிச் எனப்படும் ஆளியின் தொழில்.

மூன்று பிக்கப்புகளைக் கொண்ட ஸ்ட்ராற்றோகாஸ்டர் என்னும் கிற்றார் 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள புல்லேர்ட்டன் நகரிலிருந்து வெளிவந்தது. அதனை உருவாக்கிய லியோ பெண்டர் முன்னர் வானொலி திருத்தும் கடை நடத்தியவர். கிற்றார் வாசிக்க அறியாதவர். அவர் அமைத்த ஆளி மூன்று இடங்களிலே மாத்திரம் நிற்கும். ஒரு வேளையில் ஒரு பிக்கப்பே ஒலிக்கும். ஆனால் வாசிப்போர் அதனோடு அமையவில்லை. ஆளியின் நெம்பை இரண்டு நிலைகளுக்கு இடையே பக்குவமாக நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிப்பதையும், அந்நாதம் தனியழகு பெற்றிருப்பதையும் கண்டுகொண்டார்கள். அவர்களுடைய விரல்கள் தேடிக்கொண்ட அந்நிலைகளை ஏற்று, 1977 இல் அந்நிறுவனமே ஐந்து இடங்களில் நிற்கும் ஆளியை வைக்கலாயிற்று.

தம்பியாரின் கருவி அந்த அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. மூன்று நிலை ஆளியைக் கொண்டது. அவர் வாசிக்கத் தொடங்குமுன் சிறுவிரலால் நெம்பை மெல்லத் தொட்டு நடுவிலே நிறுத்துவது எமக்கு நன்கு நினைவிருக்கின்றது. மகன் தேடி வந்த நாதம் அதுவேயென்று அறிந்தோம்.

இரைச்சல் கேட்டவுடனே ஆளியை மாற்றப் புறப்படுதல் தவறு. பெரும்பாலும் தூசியும் களிம்புமே காரணமாயிருக்கும். தொடுகைகளைத் துப்புரவாக்கும் திரவத்தைச் சிறிது விசிறி, நெம்பை இருபது முப்பது தடவை இங்குமங்கும் அசைத்தாற் போதும். நாமும் அவ்வாறே செய்து பார்த்தோம், பயனில்லை. உள்ளேயிருந்த உலோக இதழ் தேய்ந்து, அழுத்தும் வலுவை இழந்திருந்தது.

"மாற்றத்தான் வேணும்" என்றோம். பையன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்பாவின் விரல் பட்டது. கழற்றத்தான் வேணுமோ, பெரியப்பா?" என்றான். உடனே மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. பின்னர் புதிய ஐந்துநிலை ஆளியைக் கையிலே கொடுத்துக் காட்டினோம். இரண்டிலும் தொடுகைகள் ஒன்றே. கம்பி பற்றவைக்கும் முறையும் ஒன்றே. நெம்பு நின்றிளைப்பாறும் பள்ளங்கள் மாத்திரமே இரண்டு கூடியுள்ளன. "அப்பா விரலால் பிடித்து வைத்த இடத்தை இது தானாகவே பிடித்து வைக்கும், தம்பி" என்றோம். அவன் தலையசைத்தான்.

கருவியை ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி, தந்திகளைத் தளர்த்தி எடுத்து, முகத்தகட்டின் 11 திருகாணிகளையும் அகற்றித் தகட்டைக் கவிழ்த்தோம். ஆளியில் வரிசைக்கு நான்காக எட்டு முடிவிடங்கள் உள்ளன. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று பொதுவானது. ஏனைய மூன்றும் மூன்று நிலைகளுக்குரியவை. முதல் வரிசையின் மூன்றிலும் மூன்று பிக்கப்புகளின் கம்பிகள் சேரும். அதன் பொது முடிவிடத்திலிருந்து ஒலியளவுக் குமிழுக்குக் கம்பி செல்லும். இரண்டாம் வரிசையின் பொது முடிவிடத்தை முதலாவதின் பொது முடிவிடத்தோடு சிறு கம்பியால் இணைத்தல் வேண்டும். அவ்வரிசையில் கழுத்துக்கும் நடுவுக்கும் உரிய முடிவிடங்களிலிருந்து இரு தொனிக் குமிழ்களுக்கும் கம்பிகள் செல்லும். பழைய அமைப்பில் குதிரைப் பக்கத்துக்குரிய இடம் வெறுமையாகவே விடப்படும்.

இங்கேதான் எமது செருக்கு எம்மைக் கெடுத்தது. "கைப்பேசியிலே ஒரு படம் எடுத்து வைப்போமோ?" என்று பையன் கேட்டான். எமது கண்ணும் பென்சிலும் போதுமென்று கூறி, ஒரு தாளிலே இடம் வலம் என்று குறித்துக்கொண்டு எல்லாக் கம்பிகளையும் ஒருங்கே கழற்றிவிட்டோம். புதிய ஆளியைப் பொருத்திப் பற்றாசிட்டு, மூடி வாசித்தபோது, நெம்பு கழுத்துப் பக்கம் நிற்கக் குதிரைப் பக்கத்து நாதம் கேட்டது! கவிழ்ந்த தகட்டிலே இடம் வலமாகி விடும் என்பதை மறந்தோம். பையன் ஒன்றும் கூறாமல் கைப்பேசியை நீட்டினான். எமக்குத் தெரியாமல் அவன் படம் எடுத்து வைத்திருந்தான். அப்படமே எம்மைக் காப்பாற்றியது.

ஆகவே வாசகர்கள் இடம் வலம் என எழுதற்க. கழுத்து, நடு, குதிரை என்றே எழுதுக. கம்பிகளை ஒவ்வொன்றாகவே பழைய ஆளியிலிருந்து புதியதற்கு மாற்றுக. பற்றாசுக்கோலை நன்கு சூடேற்றி, முடிவிடத்திலே இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் வையாதிருத்தல் வேண்டும். மிஞ்சினால் அருகிலுள்ள பகுதிகள் வெதும்பும். ஈயம் கலந்த பற்றாசு ஆறியபின் பளபளப்பாயிருத்தல் வேண்டும். மங்கிச் சொரசொரத்தால் அது பிடிக்கவில்லையென்று கொள்க. யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்து, முடிவிலே கைகளைக் கழுவுக.

மூடுமுன் பல்மானியால் சோதித்தல் நன்று. ஒலியளவுக் குமிழை முழுவதும் திருப்பி, கிற்றாரில் செருகிய வடத்தின் மறுமுனையிலே அளந்தால், இவ்வகைப் பிக்கப் தனித்து நிற்கையில் ஏறத்தாழ 6,000 ஓம் காட்டும். இரண்டு சேர்ந்த நிலையிலே அதிற் பாதியளவு காட்டும். இரண்டு சுருள்களும் சமாந்தரமாக இணைவதே காரணம். இரண்டாம் முறை எமக்கு எல்லா அளவும் ஒழுங்காகவே அமைந்தன.

தந்திகளைப் பூட்டிச் சுருதி கூட்டிய பின், பையன் நெம்பை இரண்டாம் பள்ளத்திலே நிறுத்தி ஒருமுறை மீட்டினான். அடுக்களையிலே நின்ற அவனுடைய தாயார் கையிலிருந்த பாத்திரத்தோடு வாசலிலே வந்து நின்றார். எவரும் பேசவில்லை. பையன் மீண்டும் மீட்டினான்.

பழைய ஆளியை நாம் எறிந்துவிடவில்லை. அவன் அதனைத் துணியிலே சுற்றிக் கிற்றார்ப் பெட்டியின் மூலையிலே வைத்துக்கொண்டான். தேய்ந்த உறுப்பை மாற்றுவதால் பொருள் வேறாகிவிடுவதில்லை. கவனமாக மாற்றினால், போனவர் விட்டுச் சென்றது இருப்பவர் கையிலே மேலும் பல்லாண்டு ஒலிக்கும். உங்கள் இல்லத்திலும் அலுமாரியின்மேல் வாளாவிருக்கும் பொருளொன்று இருக்குமாயின், விற்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். கைப்பேசியிலே படம் எடுத்துக்கொள்ளவும் மறவாதீர்கள்.