உயிரோடு கப்பலேற்றுவதை நிறுத்துவோம்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைப் பொய்கை ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. யானையும் எருமையும் மீனும் அன்னமும் பூப்பறிக்கும் மனிதரும் அங்கே ஒரே நீரில் இருக்கின்றனர். கொல்லாமையைப் போற்றிய சமணர் தவமிருந்த அந்தக் குன்றைச் சுற்றி இன்றும் ஆடு மாடுகளை நம்பியே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஜல்லிக்கட்டு வழக்கு நடந்தபோது, காளையைப் பிள்ளைபோல வளர்க்கிறோம் என்று நாட்டுக்கே எடுத்துச் சொன்ன மாவட்டம் இது. கால்நடைகளைக் கப்பலேற்றும் வணிகத்தைப் பற்றியும் இந்த மண் வாய்திறக்க வேண்டும்.

1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்துக்கு மாற்றாக, ஏற்றுமதியையும் சேர்த்து ஒரு வரைவு மசோதாவை மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 2023 ஜூனில் வெளியிட்டது. கருத்துச் சொல்லப் பத்து நாள் அவகாசம்தான். கடும் எதிர்ப்பு எழவே அதே மாதம் அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் மசோதா போனதால் வணிகம் நின்றுவிடவில்லை. மசோதாவுக்கு முன்பே, குஜராத்தின் தூணா துறைமுகத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு ஆடுகள் அனுப்பப்பட்டதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. நாடு முழுமைக்குமான தெளிவான முடிவு இன்னும் இல்லை.

சட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த 1978 போக்குவரத்து விதிகள், குதிரையைக் கடல்வழி கொண்டுசெல்லும்போது காற்றோட்டத்துக்கு மின்விசிறி வேண்டும், ஏற்றியதும் கப்பல் தாமதமின்றிப் புறப்பட வேண்டும் என்றெல்லாம் சொல்கின்றன. ஆட்டுக்கான பகுதியோ ரயில், சாலைப் பயணத்தோடு நின்றுவிடுகிறது. விலை உயர்ந்த குதிரைக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும் என்று நினைத்த சட்டம், ஏழை வளர்க்கும் ஆட்டை மறந்துவிட்டது.

கப்பலில் நடப்பது என்ன? பல அடுக்குத் தளங்களில் ஆயிரக்கணக்கான ஆடுகள் நெருக்கி நிறுத்தப்படுகின்றன. நாள் ஆக ஆகச் சாணமும் சிறுநீரும் சேர்ந்து அமோனியா நெடி கிளம்புகிறது. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது. கோடையில் வளைகுடாவை நெருங்கும்போது வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றுசேர, வாயைத் திறந்து இரைத்தாலும் உடல் சூடு தணிவதில்லை. புதுத் தீவனத்தைத் தொடாமல் பட்டினியில் மடிபவையும் உண்டு. 2017-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து சென்ற அவாசி எக்ஸ்பிரஸ் கப்பலில் மட்டும் சுமார் 2,400 செம்மறிகள் வெப்பத்தில் செத்தன.

விபத்து என்றால் கேட்கவே வேண்டாம். 2019 நவம்பரில் ருமேனியக் கரையருகே குயின் ஹிந்த் என்ற கப்பல் கவிழ்ந்தபோது அதிலிருந்த 14,000-க்கும் மேற்பட்ட செம்மறிகளில் பிழைத்தவை இருநூறுக்கும் குறைவு. 2020 செப்டம்பரில் ஜப்பான் அருகே சூறாவளியில் மூழ்கிய கல்ஃப் லைவ்ஸ்டாக் 1 கப்பல், ஏறத்தாழ 6,000 மாடுகளோடு 41 மனித உயிர்களையும் கொண்டுபோனது. அந்த மாடுகளை அனுப்பிய நியூசிலாந்து 2023 ஏப்ரலோடு இந்த வணிகத்தையே மூடியது. பிரிட்டன் 2024-இல் தடைச் சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியாவில் செம்மறிகளைக் கடல்வழி அனுப்புவது 2028 மே மாதம் முடிவுக்கு வருகிறது.

இது காலங்காலமாக நடக்கும் வணிகம்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே குறிப்பிடுகிறது. அப்படிப் பெரும் பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் பாண்டிய நாட்டில் பராமரிப்பின்றி மாண்டதை மார்க்கோ போலோவும் எழுதிவைத்திருக்கிறார். பழக்கம் பழையது என்பதால் வதை நியாயமாகிவிடாது.

ஆடு வளர்ப்பவருக்கு நல்ல விலை வேண்டாமா என்ற கேள்விதான் கனமானது. கட்டாயம் வேண்டும். ஆனால் ஆட்டை உயிரோடு அனுப்பினால் தோல் பதனிடுதல் முதல் இறைச்சி பதப்படுத்துதல் வரை எல்லா வேலையும் லாபமும் அதோடு கப்பலேறிவிடுகின்றன. எருமை இறைச்சியை உறையவைத்து உலகெங்கும் அனுப்பும் இந்தியாவுக்கு ஆட்டிறைச்சியையும் அப்படி அனுப்புவது முடியாத காரியம் அல்ல. இறைச்சி உண்பவருக்கோ எந்த மதத்துக்கோ எதிரான கோரிக்கை அல்ல இது. சாவுக்கு முன்பு நாள்கணக்கில் வதைபடுவது எந்த உயிருக்கும் தேவையில்லை.

அறுப்புக்காகக் கால்நடைகளை உயிரோடு கடல்வழி அனுப்புவதற்கு மத்திய அரசு காலக்கெடு குறித்துத் தடை விதிக்க வேண்டும். அதுவரை கப்பலின் இடவசதி, காற்றோட்டம், உடன்செல்லும் கால்நடை மருத்துவர், கோடைக்காலத் தடை ஆகியவற்றை 1978 விதிகளில் சேர்க்க வேண்டும். தமிழக அரசு புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் தரமான இறைச்சிக் கூடங்களும் குளிர்பதன வசதியும் அமைத்து, வளர்ப்பவர் கைக்கு நியாயமான விலை சேர வழிசெய்ய வேண்டும். அடுத்த மசோதா வரும்வரை காத்திருக்காமல், நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை இப்போதே அவையில் எழுப்பட்டும்.