பட்டுப்புடவைக்கு எதுக்குங்க பொக்கே?

ஆணிகளுக்கு நடுவுல ஒரு புலம்பல், மக்களே.

போன மாசம் திருவண்ணாமலையில தங்கச்சி கல்யாணம். ரிசப்ஷனுக்கு அரக்கு கலர் ஆரணிப் பட்டு. புவிசார் குறியீடு வாங்கின, எங்க மாவட்டத்துச் சரக்கு! அலங்காரக்காரர் "புடவைக்கு மேட்சிங் சார்"னு முழங்கால் வரைக்கும் தொங்குற ஒரு பொக்கேயை நீட்டினார்.

தொங்குற பொக்கே கவுனுக்குன்னு வந்தது. வெள்ளைக் கவுன் முன்னாடி வெறிச்சுன்னு இருக்கும், பூ எடுபடும். சர்ச்சுல கல்யாணம் பண்ற தோழிகள் பிடிக்கட்டும், பொருத்தம்தான். புடவைக்கு அழகே கொசுவமும் ஜரிகைக் கரையும். நெசவாளி நாள்கணக்கா நெஞ்சதை ராத்திரிக்குள்ள வாடுற ரோஜாவை வச்சு மறைக்கணுமா?

அதோட, பெரியவங்க கால்ல விழ, மொய்க்கவர் வாங்க ரெண்டு கையும் வேணுமே! கடைசியில மேடையோரம் பொக்கேயோட நின்னது அடியேன்தான். உள்ள இருந்த பச்சை ஸ்பாஞ்ச் பிளாஸ்டிக். மக்காது.

மேட்சிங்தான் வேணும்னா அரக்குப் பட்டுக்கு ஜடை நிறைய மல்லிகையை விடவா? அந்தக் காசு மாடவீதியில முழம் போடுற அக்காவுக்காவது போயிருக்கும்.

எதிர்க்கட்சிக்காரங்க பின்னூட்டத்துல கும்மலாம்.

டிஸ்கி: பொக்கே தங்கச்சி சாய்ஸ் இல்ல. நான்தான் தலையாட்டினேன் :(